படி திரும்பும் இடம்

மார்ச் 2

மருமகளுக்கு,

போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது. உடனே நீ போனை உன் புருஷனிடம் கொடுத்துவிடுகிறாய். அவன் உனக்கும் "சரி" என்கிறான், எனக்கும் "சரி" என்கிறான். அவனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்துக் கடைக்குக் கேட்காது.

நேற்று நீ செய்தது சரியா என்று நீயே சொல். ஒன்றரை வருடமாகக் கட்டிய கட்டடம். மூன்று தளம். நீ பிளான் போட்டாய், நான் கட்டினேன். இந்தத் தெருவில் யார் கேட்டாலும் "வெளியே எதற்கு ஆர்க்கிடெக்ட், என் மருமகளே ஆர்க்கிடெக்ட்தான்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துபோனது. கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. கட்டடம் பிளான்படி முடிந்தது என்று நகராட்சிக்குக் கொடுக்கிற காகிதத்தில் உன் கையெழுத்து. அதற்காகத்தான் உன்னை வரச்சொன்னேன். நீ மேலே ஏறினாய், பின்பக்கப் படியைப் பார்த்தாய், இறங்கிவந்து மேஸ்திரி முன்னால், ஏற்றுக்கூலி ஆட்கள் முன்னால், "மாமா, இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாய். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாய். உன் அத்தை சமைத்ததை எல்லாம் மேஸ்திரிதான் சாப்பிட்டார். ருசித்துச் சாப்பிட்டார், அது வேறு எரிச்சல்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? இரண்டாவது தளத்திலிருந்து பின் சந்துக்கு இறங்குகிற படியை யாரும் பயன்படுத்தவில்லை. சும்மா கிடந்த இடத்தில் தலையணை மூட்டைகளை அடுக்கி, திருடு போகாமல் இருக்க மேலே ஒரு கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறேன். முன்பக்கப் படி அகலமாக இருக்கிறது. போக வர அது போதாதா?

பழைய கடையை 31ஆம் தேதி காலி செய்தாக வேண்டும். வேறு ஆள் சாவிக்காகக் காத்திருக்கிறான். உன் கையெழுத்து இல்லாமல் புதுக் கட்டடத்துக்குக் கரண்ட் இணைப்பு இல்லை, லைசென்ஸ் இல்லை. இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். மெத்தைகளை நடுரோட்டில் விரித்து அவர்களை அதன்மேல் உட்காரவைக்கவா?

நகராட்சி ஆபீஸ் வாசலில் ஒருவர் இருக்கிறார். ஸ்டாம்புக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு படிகூட ஏறாமல் எந்தக் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடுவார். அவரிடம் போக எனக்கு மனமில்லை. போகவைக்காதே.

மாமா

*

மார்ச் 6

மாமாவுக்கு,

கோபத்தில் சாப்பிடாமல் போகவில்லை. தொண்டையில் இறங்காது என்று தெரிந்ததால்தான் கிளம்பினேன். அத்தையிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நீங்கள் நேராகப் பேசுகிறவர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் விற்பது மெத்தை. அதில் தீப்பிடித்தால் மரம் எரிவதுபோல் நின்று எரியாது. முதலில் வருவது புகை. கறுப்பாக, கனமாக வரும். அதற்கு வழி முன்பக்கப் படிதான், ஏனென்றால் அது கடையின் நடுவில் திறந்து கிடக்கிறது. புகை ஏறுகிற படியில் மனிதர் இறங்க முடியாது. அதற்காகத்தான் பின்பக்கம் தனியாகச் சுவர் கட்டி, கதவு வைத்து, இன்னொரு படி போட்டேன். இரண்டாவது தளத்தில் உறை தைக்கிற பதினோரு பெண்கள் இருக்கிறார்கள். காகிதம் வருமுன்பே தற்காலிகக் கரண்டில் அவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டீர்கள். அதைப் பற்றி அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன்.

படிப்பு முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது என் முதலாளி அம்மா என்னை ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். எரிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. துணிக்கடை. அங்கேயும் பின்பக்கப் படி இருந்தது. அதில் அட்டைப்பெட்டிகள் இருந்தன, தீ எட்டாமல் கரி மட்டும் படிந்து. இறைந்து கிடக்கவில்லை மாமா, ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்து வெளியே தெரியும்படி. பொறுப்பான ஆள் ஒருவர் அடுக்கியிருக்கிறார். உங்கள் தலையணை மூட்டைகளும் அப்படியே இருந்தன, அளவு எழுதிய பக்கம் வெளியே பார்த்தபடி. அதைப் பார்த்ததும்தான் இறங்கிவந்தேன்.

உங்கள் பெயர் கடைப் பலகையில் பத்தடி நீளத்துக்கு இருக்கிறது. என் பெயர் அந்தக் கட்டடத்தில் இருக்கப்போவது அந்த ஒரு காகிதத்தில்தான். அதில் பொய்யாக இருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஸ்டாம்புக்காரரிடம் போனால், பிளான் என்னுடையது, கட்டடம் பிளான்படி இல்லை என்று நகராட்சிக்கு நானே எழுதுவேன். மிரட்டல் இல்லை. பின்னால் தெரிந்து வருத்தப்படுவதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்றுதான்.

படியைத் திறந்துவிடுங்கள். அன்றைக்கே வந்து போடுகிறேன்.

மருமகள்

*

மார்ச் 9

மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தை சத்தமாகப் படித்தாள். "நகராட்சிக்கு நானே எழுதுவேன்" வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "உங்களுக்கு ஏத்த மருமகதான்" என்றாள். பாராட்டா திட்டா தெரியவில்லை. முப்பத்தைந்து வருடமாக அவள் சொல்வது எதுவும் எனக்கு அப்படித்தான்.

நீ உன் மனசில் பட்டதை எழுதினாய். நான் வியாபாரி, சோதித்துப் பார்க்காமல் சரக்கு வாங்க மாட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்தேன். இருபத்திரண்டு பேரையும் இரண்டாவது தளத்தில் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, விசில் ஊதினேன். முழங்கால் வலிக்காரக் கணக்குப்பிள்ளை உட்பட எல்லோரும் முன்பக்கப் படியில் இறங்கித் தெருவுக்கு வர ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வாட்ச் பிடித்தது நெட்டையன். ஏற்றுக்கூலி ஆட்களுக்குத் தலைவன், பொய் சொல்லத் தெரியாதவன், அதனாலேயே அவனை விற்பனையில் போடவில்லை. ஒரு நிமிடம் நாற்பது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீ நிற்கவில்லை.

அந்தப் படியை நான் அடைக்கவில்லை. மெத்தைதான் அடைத்தது. இரண்டு மாதம் முன்னால் முதல் லோடு வந்தபோது, பின் சந்தில் வண்டியை நிறுத்தி அந்தப் படியில்தான் ஏற்றச்சொன்னேன். உன் பிளானைப் பார்த்துத்தான் சொன்னேன். பாதி ஏறி, படி திரும்புகிற இடத்தில் பெரிய மெத்தை மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான்கு ஆட்கள் முக்கால் மணி நேரம் அதற்குள் நின்றார்கள். நெட்டையனுக்கு முழங்கையில் தோல் போனது. அவன் முனகினானே தவிர உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அதை எழுத மாட்டேன்.

அன்றோடு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. போகாத இடத்தில் முதலில் ஒரு மூட்டை உட்காரும், பிறகு அதற்குத் துணைக்கு இன்னொன்று. கடை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது இது. நான் கதவு மட்டும்தான் போட்டேன்.

பிளான் போடும்போது நீ எத்தனை கேள்வி கேட்டாய். வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், வெயில் எங்கே விழும், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே. எல்லாம் கேட்டாய். ஒரு மெத்தை எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று ஒரு நாளாவது நெட்டையனைக் கேட்டாயா?

மாமா

*

மார்ச் 13

மாமாவுக்கு,

கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. மெத்தை வளையும்தானே, இவர்கள் தூக்கத் தெரியாமல் தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் விசில் ஊதிச் சோதித்திருக்கிறீர்கள், நான் சும்மா நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருந்தது.

ஆபீசில் நாற்காலி மேசைகளை ஒதுக்கிவிட்டு, படி திரும்பும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் அதே அளவில் வரைந்தேன். ஏறும் படிக்கும் இறங்கும் படிக்கும் நடுவில் இருக்கிற சுவருக்குப் பதில் இரண்டு பீரோக்களை நிறுத்தினேன். கீழ்த் தெருவில் ஒரு பெரிய மெத்தை வாங்கினோம். மன்னியுங்கள், வேறு கடை மெத்தை. உங்கள் மகனும் என் கூட்டாளியும் தூக்கினார்கள். அந்த மூலையில் திரும்ப முடியாமல் உங்கள் மகன் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "சரி, சரி" என்றார். அவர் அதைத் தவிர வேறு எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் புரிந்தது. என் கணக்கு ஃபோம் மெத்தைக்கு. அது சுருளும், மடியும். நாங்கள் தூக்கியதும், உங்கள் கடையில் பாதியும் ஸ்பிரிங் மெத்தை. அது பலகைபோல் விறைத்து நிற்கும். வருடக்கணக்காக உங்கள் குடும்பத்தில் இருக்கிறேன், அந்த மெத்தையில்தான் தூங்குகிறேன், ஆனால் அது மடியாது என்று எனக்குத் தோன்றவேயில்லை. தப்பு என்னுடையது. நெட்டையன் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இல்லை, நானே சொல்கிறேன்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. அந்த நடுச்சுவர் எதையும் தாங்கவில்லை. கம்பிக் கைப்பிடி வைத்திருந்தாலே போதும். சுவராக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று வைத்தேன். யாரும் பார்க்காத பின்பக்கப் படியில்.

பீரோக்களை எடுத்துவிட்டு, கைப்பிடி உயரத்தில் கயிறு கட்டினோம். மெத்தையைக் கயிற்றுக்கு மேலே தூக்கித் திருப்பினால் ஒரே வீச்சில் திரும்புகிறது. திருத்திய பிளான் இதோடு இருக்கிறது. நடுச்சுவரை மட்டும் இடித்து இரும்புக் கைப்பிடி வைத்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம். மேஸ்திரிக்கு எட்டு நாள் வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்தக் கதவு பூட்டியிருக்கும்வரை நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் தப்பினால் அந்தப் படி தேவையில்லாமல் போய்விடாது.

உங்கள் ஒரு நிமிடம் நாற்பதைப் பற்றி. முன்கூட்டிச் சொல்லிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, படியில் சரக்கு இல்லை. எல்லோரும் செருப்போடு தயாராக நின்றிருப்பார்கள். இதே மாதிரி யாராவது சரக்கைக் காட்டினால் நீங்கள் வாங்குவீர்களா? வேலை நாளில், பதினொரு மணிக்கு, லோடு ஏறும்போது, சொல்லாமல் ஒரு முறை செய்துபாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. வாசலில் நிற்காதீர்கள். நீங்களும் மேலே இருக்க வேண்டும்.

மருமகள்

*

மார்ச் 18

மருமகளுக்கு,

நேற்று செய்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

நெட்டையனுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு நான் இரண்டாவது தளத்தில் தையல் பெண்களிடம் உறைத் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அவன் "எல்லாரும் வெளியே வாங்க, உடனே வாங்க" என்று குரல் கொடுத்தான். மற்றவர்கள் முன்பக்கப் படிக்கு ஓடினார்கள். அங்கே இரண்டு பேர் ஒரு மெத்தையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கு இறங்க வழியில்லை, அவர்களுக்கு ஏற வழியில்லை. கணக்குப்பிள்ளை மெத்தைக்கு அடியில் புகுந்து போகப் பார்த்தார். அவரை இழுத்தெடுக்கவே நேரமாயிற்று.

தையல் பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பதினோரு பேரும் பின்பக்கம் ஓடினார்கள். எனக்கு ஏனென்று விளங்கவில்லை. பிறகுதான் பார்த்தேன். துணி அழுக்காகக் கூடாது என்று அவர்கள் செருப்பைக் கழற்றி அந்தக் கம்பிக் கதவுப் பக்கம் வைக்கிறார்கள். பையையும் அங்கேதான் மாட்டுகிறார்கள். வெளியே போவது என்றாலே அவர்களுக்கு அந்தப் பக்கம்தான். இது தினமும் என் கண் முன்னால் நடக்கிறது. நான் கவனித்ததில்லை.

கதவில் பூட்டு. சாவி என் இடுப்பில். பதினோரு பேருக்குப் பின்னால் நான்.

யாரும் கத்தவில்லை. ஓரமாக உட்கார்ந்து பொத்தான் தைக்கிற பெண் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "முதலாளி, சாவியத் தலைக்கு மேல குடுங்க" என்றாள். கொடுத்தேன். கைமாறிக் கைமாறி முன்னால் போனது. அந்தக் கொத்தில் பத்தொன்பது சாவி. முன்னால் நின்றவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். "மஞ்சள் கயிறு கட்டினது" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். கயிறு எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது. கதவு திறந்ததும் மூட்டைகள் சரிந்து அவர்கள் மேலேயே விழுந்தன. அவர்கள் சிரித்தார்கள். தலையணைதானே, அடிபடவில்லை. நான் அந்தக் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெட்டையன் மேலே ஏறிவந்து, "அண்ணாச்சி, வாட்ச்ச நிறுத்தவா, இன்னும் ஓடட்டுமா?" என்று கேட்டான். ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. அப்போதும் நான் இரண்டாவது தளத்தில்தான் நின்றேன்.

பிற்பகலே கதவைக் கழற்றிவிட்டேன். மூட்டைகள் என் அறைக்குப் போய்விட்டன. இனி நான் நின்றுகொண்டு வியாபாரம் செய்தாலும் பரவாயில்லை. மேஸ்திரி இன்று காலை நடுச்சுவரில் முதல் அடி போட்டார். 28ஆம் தேதிக்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். உன் சுவர் என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே இடிக்கிறார்போல் தெரிகிறது. தையல் பெண்கள் காகிதம் வரும்வரை பழைய கடையில்.

ஸ்டாம்புக்காரர் எங்கோ மோப்பம் பிடித்துப் பேனாவோடு வந்தார். அவருக்குக் கழுத்து வலி என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி, ஒரு தலையணை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு குறை மட்டும் எனக்குப் போகவில்லை. அத்தனை ஆட்கள் முன்னால் சொன்னாயே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மாமா

*

மார்ச் 22

மாமாவுக்கு,

சொல்லியிருக்கலாம். யோசித்தேன். தனியாகக் கூப்பிட்டிருந்தால் நீங்கள் பேசியிருப்பீர்கள். விற்கவே முடியாத சரக்கை எல்லாம் பேசியே விற்றவர் நீங்கள். பத்து நிமிடத்தில் பேனா என் கையில் இருந்திருக்கும். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், அப்புறம் பின்வாங்க முடியாதல்லவா. ஆனாலும் உங்கள் முகம் போன விதம் எனக்கு மறக்கவில்லை. அதற்கு மன்னியுங்கள். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நீங்கள் கடைசி வரிசையில் நின்றதை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு "சரி" என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

செருப்பு வைக்கிற விஷயம் எனக்கும் தெரியாது. பிளானில் அதற்கு இடமே விடவில்லை. பின்பக்கக் கதவின் இரண்டு பக்கமும் சுவரில் அலமாரி வைத்து, செருப்பும் பையும் அங்கேயே இருக்கும்படி வரைந்து அனுப்பியிருக்கிறேன். வழியில் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது. உயரம் எவ்வளவு இருக்கலாம் என்று பொத்தான் தைக்கிற அக்காவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் உங்களைவிட நிதானமானவர்.

29ஆம் தேதி காலை வருகிறேன். மேசையில் காகிதத்தை எடுத்து வைக்காதீர்கள். முதலில் ஏறிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் அன்றைக்கும் போட மாட்டேன், 31 என்றாலும். இருப்பதிலேயே பெரிய ஸ்பிரிங் மெத்தையை நெட்டையன் அண்ணன் எடுத்து வைக்கட்டும். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

மருமகள்

*

ஏப்ரல் 4

மருமகளுக்கு,

பழைய கடைச் சாவியைச் சொன்ன தேதியில் கொடுத்தேன். கரண்ட் நேற்று வந்தது. இன்று காலை கடை திறந்தேன்.

நீ அன்றைக்கு மெத்தையின் பின்முனையைப் பிடித்து ஏறியதை ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க நின்றாய், நெட்டையன் மேலிருந்து "தூக்குங்கம்மா, கைப்பிடிக்கு மேல" என்றான், ஒரே வீச்சில் திரும்பியது. அவன் முழங்கை எங்கேயும் இடிக்கவில்லை. பழைய காயத்தைத் தடவிக்கொண்டே "இப்பச் சரி" என்றான். அவன் வாயால் இதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை. நீ உடனே போட்டுவிடுவாய் என்று பேனாவைத் திறந்தேன். நீ கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாய், பின்சந்துக் கதவை மூன்று முறை திறந்து மூடினாய், சந்தில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரையே எடுக்கச்சொன்னாய். பிறகுதான் போட்டாய். அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட பாட்டை உன் அத்தையிடம் கேள்.

இப்போது லோடு முழுக்கப் பின்படியில்தான். முன்பக்கம் வாடிக்கையாளருக்கு மட்டும். ஆட்கள் தினமும் ஏறி இறங்குவதால் அங்கே ஒரு மூட்டைகூட உட்கார முடியவில்லை. என் கொத்தில் இப்போது பதினெட்டுச் சாவி.

எழுத வந்த விஷயம் இது. எதிர்வரிசையில் பிளைவுட் கடை வைத்திருக்கிறவர் புதிதாகக் கட்டப்போகிறார். நேற்று வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க மருமக எப்படி, நமக்கு அனுசரிச்சுப் போவாங்களா?" என்று கேட்டார். தெருவில் நடந்த கதை அவருக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் கேட்டார்.

முப்பது வருடமாகச் சரக்கைப் புகழ்ந்தே பிழைத்தவன் நான். உன்னைப் புகழ நல்ல வார்த்தை ஒன்று தேடினேன். கிடைத்ததைச் சொன்னேன்: "நான் அவளுக்கு மாமனார். எனக்கே கையெழுத்துப் போடல."

அவர் எழுந்துபோய்ப் பின்படியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு உன் போன் நம்பரைக் கேட்டார். கொடுக்கவில்லை. முதலில் அவர் ஏற்றுக்கூலி ஆட்களிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எட்டடிப் பலகை படியில் எப்படித் திரும்புகிறது என்று நெட்டையன் திங்கட்கிழமை அங்கே போய் அளந்து வருவான். அளவு வந்ததும் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் பென்சிலைத் தொடாதே.

மாமா